கோட்டையிலிருந்து எண்ணெய்த் தொட்டிக்கு: எம்டன் சென்னையை அடித்த இரவு

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் அதைப் பார்ப்பதில்லை. 1773-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நட்ட ஆறு எல்லைத் தூண்களில் எஞ்சியது இந்த ஒன்றுதான். இந்தத் தூணுக்கும் கோட்டைக்கும் நடுவே யாரும் வீடு கட்டக் கூடாது என்பது அதன் பொருள். காரணம் பீரங்கி.

1746-இல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே கப்பல்களோடு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். 1758 டிசம்பரில் இன்னொரு பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகையிட்டார். அப்போது கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே கறுப்பர் நகரம் இருந்தது. நம் நெசவாளர்களும் வியாபாரிகளும், கம்பெனிக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்த்த துபாஷிகளும் குடியிருந்த ஊர். அந்த வீடுகளின் மறைவிலிருந்துதான் பிரெஞ்சுப் படை கோட்டையை நெருங்கி அடித்தது. 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்த பிறகு முற்றுகை கலைந்தது. அதற்குப் பின் கம்பெனி அந்த ஊரையே அழித்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை வைத்திருந்த நாட்களில் கொஞ்சம் இடிந்திருந்தது, மிச்சத்தை இவர்கள் இடித்தார்கள். பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜனங்கள் வடக்கே தள்ளப்பட்டார்கள். இன்று ஜார்ஜ் டவுன் என்கிறோமே, அது அப்படி உருவான ஊர். ஹைதர் அலிக்குப் பயந்து அதைச் சுற்றி மதில் எழுப்பி, செலவுக்கு வரி போட நினைத்தார்கள். அந்த வரியை ஒழுங்காக வசூலிக்கவே முடியவில்லை, பெயர் மட்டும் வால்டாக்ஸ் சாலையில் நிலைத்துவிட்டது.

வட சென்னையின் வரைபடத்தில் பாதியைப் பீரங்கியின் வீச்சு வரைந்தது என்றால் மிகையில்லை. இதைச் சொல்லிவிட்டு எம்டனுக்கு வருவதற்குக் காரணம் உண்டு. இடித்துக் காலியாக்கிய அதே மைதானத்தில்தான் பிறகு உயர்நீதிமன்றம் எழுந்தது. 1914-இல் எம்டனின் குண்டு ஒன்று விழுந்ததும் அந்த வளாகத்தின் சுவரில்தான். கல்வெட்டு இன்னும் அங்கே இருக்கிறது.

அந்த இரவு

1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் விளக்குகளை அணைத்துக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்தது. உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அன்றைய கலங்கரை விளக்கம் உயர்நீதிமன்றத்தின் கோபுரத்தின் மேலேயே இருந்தது. 1894 முதல் 1977 வரை சென்னைக்கு வழிகாட்டிய விளக்கு அது. அன்று இரவு அது எதிரிக்கும் வழிகாட்டியது.

கரைக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கப்பல் நின்றது. சர்ச் லைட்டைப் போட்டது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் வெளிச்சத்தில் தெரிந்தன. உடனே சுட ஆரம்பித்தது. முதல் முப்பது குண்டுக்குள் இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன, வேறு சில சேதமாயின. துறைமுகத்துக்குள் இருந்த ஒரு வணிகக் கப்பலும் அடிபட்டது. குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். கரையில் இருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சுட்டன, ஒன்றும் படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சுமார் 125 குண்டுகளைச் செலவழித்துவிட்டு எம்டன் விளக்கை அணைத்து இருட்டில் மறைந்தது.

மூன்று கிலோமீட்டர் என்பது எவ்வளவு கிட்டம் என்று எனக்குப் படித்தபோது புரியவில்லை. போன வருஷம் காசிமேட்டு நண்பர் ஒருவருடைய விசைப்படகில் இரவில் போனபோதுதான் புரிந்தது. ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தும் ஊரைக் கடலிலிருந்து நான் பார்த்ததில்லை. மூன்று கிலோமீட்டரில் படகை நிறுத்தச் சொன்னேன். கரை முழுக்க ஒரே விளக்குச் சரம். துறைமுகத்தின் கிரேன்கள் தனித்தனியாகத் தெரிந்தன. எங்களைச் சுற்றியோ கும்மிருட்டு. நண்பர் சொன்னார்: "தம்பி, இங்கேர்ந்து பாத்தா அவங்க எல்லாம் நமக்குத் தெரியும். அங்கேர்ந்து பாத்தா நாம யாருக்கும் தெரிய மாட்டோம்." எம்டனின் தந்திரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவர் யாரும் இல்லை.

இரண்டு டன் குண்டு

எம்டனிடம் பெரிய பீரங்கி எதுவும் கிடையாது. 1909-இல் கடற்படையில் சேர்ந்த சிறு க்ரூசர் அது. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து, ஒரு பக்கமாகத் திருப்பினால் ஐந்து சுடும். ஒரு குண்டு சுமார் 17 கிலோ. சென்னையில் விழுந்தது மொத்தமாக இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம். ஒரு சின்ன லாரியில் ஏற்றிவிடலாம். லாலியின் படை இரண்டு மாதத்துக்கும் மேலாகக் கோட்டையை அடித்துச் சாதிக்க முடியாததை இந்த ஒரு லாரிச் சுமை அரை மணியில் சாதித்தது: ஊர் நடுங்கியது, ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினார்கள், வங்காள விரிகுடாவின் கப்பல் போக்குவரத்து ஆட்டம் கண்டது.

இலக்கு மாறியதுதான் காரணம் என்பது என் முடிவு. எம்டன் கோட்டையைக் குறிவைக்கவில்லை. கோட்டையைப் பிடிக்க அதனிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எரியக்கூடிய பொருள் எங்கே மொத்தமாகக் குவிந்திருக்கிறதோ அங்கே அடித்தது. 1758-இல் அப்படி ஒரு பொருள் இந்தக் கரையில் இருந்ததில்லை. 1914-இல் இருந்தது. பர்மாவிலிருந்து வந்த மண்ணெண்ணெய் அப்போது வீட்டு விளக்குகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் அரசு தன் கடற்படைக்கு எண்ணெய் வேண்டும் என்று ஆங்கிலோ பெர்சியன் கம்பெனியில் பெரும்பங்கை வாங்கியது. எண்ணெய் போர்ப் பொருளாக மாறிக்கொண்டிருந்த நேரம் அது. எண்ணெய்த் தொட்டிக்கு மதில் கிடையாது, காவல்படை கிடையாது, பக்கத்தில் தெருக்கள் உண்டு.

கேப்டன் கார்ல் ஃபோன் முல்லர் தன் நோக்கத்தை ஒளிக்கவில்லை. இந்திய மக்களின் கவனத்தைத் திருப்புவது, ஆங்கிலேய வணிகத்தைக் குலைப்பது, ஆங்கிலேயரின் மதிப்பைக் குறைப்பது என்று அவரே எழுதி வைத்தார். சேதத்தைவிடச் செய்திதான் அவருக்கு முக்கியம். கப்பலில் மொத்தம் 1,500 குண்டுகள்தான். சீனக் கரையில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவோ தளத்திலிருந்து ஜூலை கடைசியில் கிளம்பிய கப்பலுக்கு மறுபடி குண்டு தர எந்தத் துறைமுகமும் இல்லை. கையிருப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கைச் சென்னையில் செலவழித்தார் என்றால், கணக்குப் பார்த்துத்தான் செலவழித்திருப்பார்.

காது

எம்டனின் உண்மையான புது ஆயுதம் வயர்லெஸ். அதுவும் பேசுவதற்கு அல்ல, கேட்பதற்கு.

அதற்கு முந்தைய காலத்தில் தனிக் கப்பல் ஒன்று எதிரி கடலுக்குள் போனால் குருடாகத்தான் போகும். அடிவானத்தில் புகை தெரிந்தால்தான் எதிரி வருவது தெரியும். 1914-இல் பிரிட்டிஷ் கப்பல்கள் ஒன்றோடொன்று வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டே இருந்தன. எம்டன் தன் வாயை மூடிக்கொண்டு அதைக் கேட்டது. சங்கேதச் செய்தி புரியாவிட்டால் பரவாயில்லை. சத்தம் பலமாக இருந்தால் கப்பல் கிட்டத்தில் இருக்கிறது, மெலிந்தால் தூரம் போகிறது. சுமத்திரா பக்கம் ஹாம்ப்ஷையர் என்ற பெரிய க்ரூசர் தேடி அலைந்ததை இப்படித்தான் தெரிந்துகொண்டு விலகிப் போனது. பிடிபட்ட கப்பல்களில் கிடைத்த செய்தித்தாள்களும் உதவின. எந்தக் கப்பல் எப்போது எங்கே கிளம்புகிறது என்பதை அன்றைய தாள்கள் வெளிப்படையாகவே போட்டுக்கொண்டிருந்தன.

காசிமேட்டில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கடலில் வயர்லெஸ் செட் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அடுத்தவர் பேச்சைக் கேட்பவர்கள்தான். எவன் நல்ல மீன் பார்த்தானோ அவன் வாய் திறக்க மாட்டான்.

நிலக்கரி இன்னொரு கதை. கொதிகலன்களுக்குக் கரி போட்டபடியே இருக்க வேண்டும். நிரப்பிய கரியோடு சிக்கனமான வேகத்தில் சுமார் 3,700 கடல் மைல் போகலாம், அவ்வளவே. மார்க்கோமேனியா என்ற கரிக்கப்பல் கூடவே வந்தது. போதாததை எதிரியிடமே எடுத்துக்கொண்டார்கள். சென்னையை அடித்துவிட்டுத் தெற்கே இலங்கைப் பக்கம் போன எம்டன் ஐந்தே நாளில் பியூரெஸ்க் என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கென்று போய்க்கொண்டிருந்த முதல்தர வேல்ஸ் நிலக்கரி அதில் முழுக்க இருந்தது. தளமே இல்லாத கப்பலுக்கு எதிரியின் வியாபாரப் பாதையே தளமாகிவிட்டது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று எங்கள் பக்கம் டீக்கடையில் இன்றும் அடித்துச் சொல்வார்கள். அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சிலிருந்து பெர்லினுக்கு மாறிய காலம் அது. அவருடைய விடுதலைப் பணிக்கு இந்தக் கதையின் துணை தேவையில்லை.

கரையில் இருந்தவர்கள் எங்கே தவறினார்கள்

சென்னைக்குக் காவல் பீரங்கிகள் இருந்தன. எம்டன் வங்காள விரிகுடாவில் கப்பல் கப்பலாகப் பிடிக்கிறது என்ற செய்தியும் செப்டம்பர் நடுவிலேயே கல்கத்தாவுக்குப் போய்விட்டது. பிடித்த கப்பல் ஒன்றில் கைதிகளை ஏற்றி முல்லரே அனுப்பி வைத்தார். இத்தாலியக் கப்பல் ஒன்றும் எச்சரித்தது. அப்படியும் விளக்குகள் எரிந்தன.

இதைச் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரைக் காவலின் ஏற்பாடு முழுவதும் பழைய கேள்விக்குப் பதிலாக அமைந்திருந்தது: எதிரி துறைமுகத்தைப் பிடிக்க வந்தால் என்ன செய்வது? பிடிக்க வருகிறவன் நின்று சண்டை போடுவான், அவனைக் குறிபார்க்க நேரம் கிடைக்கும். எம்டன் வந்த வேலை வேறு. குறி சரியாவதற்குள் அது போய்விட்டது. சர்ச் லைட்டைப் போட்ட நிமிடத்திலிருந்து கப்பல் தன்னையும் காட்டிக் கொடுத்துவிடுகிறது என்பது முல்லருக்குத் தெரியும். அதனால்தான் சண்டையையே அரை மணிக்குள் சுருக்கிக்கொண்டார்.

என் ஆயா யாரையாவது திட்டும்போது "அவன் சரியான எம்டன்" என்பார். கப்பலைப் பார்த்தவர் இல்லை, அந்த இரவுக்குப் பிறகு பிறந்தவர். எப்போது வருவான், எப்போது போவான், என்ன செய்வான் என்று தெரியாதவன் என்ற பொருளில்தான் சொல்வார். அழிவை அல்ல, அந்தத் தெரியாமையைத்தான் ஊர் ஞாபகம் வைத்துக்கொண்டது.

அதே வயர்லெஸ்

அக்டோபர் 28 அன்று எம்டன் பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றை நட்டுக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவில் இருந்த கேபிள், வயர்லெஸ் நிலையத்தை உடைக்க ஆள் இறக்கியது. நிலையத்தில் இருந்தவர்கள், ஜெர்மானியர் உள்ளே வருவதற்குள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று வயர்லெஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். எம்டன் குறுக்கே சத்தம் எழுப்பி மறைக்கப் பார்த்தது, முடியவில்லை. சுமார் ஐம்பது மைலுக்குள் ஆஸ்திரேலியத் துருப்புகளை ஏற்றிய கப்பல் வரிசை போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்ற க்ரூசர் பிரிந்து வந்தது. அதனுடைய குண்டு சுமார் 45 கிலோ, எம்டனின் குண்டைப்போல இரண்டரை மடங்கு. வேகமும் அதிகம். முல்லர் கப்பலைப் பாறைமேல் ஏற்றினார். 130-க்கும் மேற்பட்ட ஜெர்மானியர் இறந்தார்கள், சிட்னியில் நால்வர்.

இரண்டு மாதம் எம்டனைக் காப்பாற்றியதும் வயர்லெஸ்தான், கடைசியில் காட்டிக் கொடுத்ததும் அதுதான். ஒரு கருவியை முதலில் நன்றாகப் பயன்படுத்துகிறவனுக்குக் கிடைக்கும் அவகாசம் கொஞ்ச நாள்தான். எதிர்த்தரப்பும் அதைக் கற்றுக்கொண்டுவிடும்.

விமானமும் டிரோனும்

1942-இல் சென்னை மறுபடி பயந்தது. ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும், மறுநாள் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் அடித்தன. அடித்த விமானங்களை அனுப்பிய கப்பல்கள் அடிவானத்துக்கு அப்பால் இருந்தன, கரையிலிருந்து பார்க்கவே முடியாது. அரசு அலுவலகங்கள் கடலை விட்டு உள்நாட்டு ஊர்களுக்கு மாறின, லட்சக்கணக்கில் ஜனங்கள் கிளம்பினார்கள். பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலி போன்றவை குண்டுவீச்சில் வெளியே வந்துவிடும் என்று அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த தாக்குதல் அந்த ஏப்ரலில் வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து சில குண்டுகள் போட்டுவிட்டுப் போனதோடு சரி.

இப்போதைய போர்களுக்கு வருகிறேன். 2019 செப்டம்பர் 14 அன்று சவுதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் ஆலையை டிரோன்களும் க்ரூஸ் ஏவுகணைகளும் அடித்தன. அந்த நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் பாதி, நாளொன்றுக்குச் சுமார் 57 லட்சம் பீப்பாய், ஒரே காலையில் நின்றது. படித்தவுடன் எனக்கு ஞாபகம் வந்தது சென்னைத் துறைமுகத் தொட்டிகள்தான். எரியக்கூடியது குவிந்திருக்கும் இடத்தில் சின்ன வெடி போதும் என்ற முல்லரின் கணக்கு அப்படியே இருக்கிறது, வெடியைக் கொண்டுபோக முந்நூற்றுச் சொச்சம் மாலுமிகளும் ஒரு கப்பலும் தேவைப்படவில்லை.

கருங்கடலில் நடந்தது இதன் மறுபக்கம். 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா என்ற பெரிய க்ரூசரைக் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகளால் உக்ரைன் மூழ்கடித்தது. பிறகு ஆள் இல்லாத சிறு படகுகளில் வெடிமருந்து நிரப்பி இன்னும் சில கப்பல்களை அடித்தது. சொல்லிக்கொள்ளும்படியான கடற்படையே இல்லாத நாடு எதிரியின் கப்பல்களைத் தூரத் துறைமுகங்களுக்கு ஒதுங்க வைத்தது. அந்தப் படகுகள் நம் ஃபைபர் படகைவிடப் பெரியவை அல்ல, தண்ணீரை ஒட்டித் தாழ்வாக ஓடுகின்றன, ராடாரில் சிக்குவது கஷ்டம். இருட்டில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கும் வசதி இப்போது எல்லோருக்கும் மலிவாகக் கிடைக்கிறது.

செங்கடல் பக்கம் கப்பல்கள்மேல் நடந்த தாக்குதல்களை வட சென்னை செய்தியாக மட்டும் படிக்கவில்லை. எங்கள் தெருக்களில் கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 26 அன்று ஏடன் வளைகுடாவில் மார்லின் லுவாண்டா என்ற எண்ணெய்க் கப்பல் ஏவுகணை பட்டு எரிந்தது. அதில் 22 இந்தியர்கள். ஐஎன்எஸ் விசாகப்பட்டினம் போய்த் தீயணைக்க உதவியது. போர்க்கப்பலின் வேலையே மாறிவிட்டதை இதில் பார்க்கலாம்: சண்டைக்குக் கட்டிய கப்பல் தீயணைப்பு வண்டியாகவும் நின்றது.

இந்தக் கரையில் இன்று

1914-இல் துறைமுகத்தை ஒட்டிச் சில தொட்டிகள். இன்று தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் எண்ணெய்க் கிடங்குகள், 1969 முதல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, வடக்கே போனால் எண்ணூர்த் துறைமுகமும் அனல்மின் நிலையங்களும். மாநகரத்துக்கு எரிபொருளும் மின்சாரமும் தரும் பொருட்கள் இந்த ஒரு கரையில் குவிந்திருக்கின்றன. நடுநடுவே வீடுகள், பள்ளிகள், மார்க்கெட். கம்பெனிக் காலத்தில் கோட்டையைக் காப்பாற்ற ஜனங்களை வடக்கே தள்ளினார்கள். பிறகு எரியும் பொருளும் அதே வடக்கே வந்து சேர்ந்தது.

2025 மே 7 அன்று நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடந்தபோது சென்னையில் தேர்ந்தெடுத்த இடம் துறைமுகம். இடத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அன்று மாலை நான் ராயபுரத்தில் வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவுக்கு அது டிவியில் பார்த்த செய்திதான். எதிர்வீட்டு அக்கா இட்லிக் கடை போடுபவர். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, உள்ளே இருக்கறவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. வெளிய இருக்கற நாங்க எந்தப் பக்கம் ஓடணும்?"

மேற்கே என்று சொன்னேன், கடலையும் தொட்டிகளையும் விட்டு விலகி. அப்புறம்தான் யோசித்தேன். மேற்கே போக வேண்டுமென்றால் ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். கேட் பக்கம் போனால் சரக்கு ரயில் நிற்கும், சுரங்கப்பாதைப் பக்கம் போனால் மழை நாளில் தண்ணீர் நிற்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவிலிருந்து மேற்கே போகும் மூன்று வழிகளையும் நடந்து பார்த்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, அந்தத் தாளை அக்காவின் கடையில் ஒட்டி வைத்தேன். கேட் மூடியிருந்த வழிக்கு நாற்பது நிமிடம் ஆனது.